99 சதவீதம் கையில் இருந்தும் நாகசே எப்படித் தோற்றார்? 2023 ஓஸா போட்டி, நான்காம் ஆட்டம்

கேள்வி இதுதான்: "எனக்கு செஸ் தெரியும், ஷோகி தெரியாது. 2023-இல் ஃபுஜீ சோட்டா எட்டுப் பட்டங்களையும் வென்ற அந்த ஆட்டத்தில், ஏஐ கணிப்பு எதிராளிக்கு 99 சதவீதம் காட்டியதாமே. அப்புறம் எப்படி ஆட்டம் மாறியது? நகர்வு நகர்வாகச் சொல்ல முடியுமா?"

சொல்கிறேன். ஆனால் 138 நகர்வுகளையும் வரிசையாக எழுதினால் செஸ் தெரிந்தவருக்கும் பாதி வழியில் கண் கட்டிவிடும். இந்த ஆட்டம் மூன்று நகர்வுகளில் நிற்கிறது: 122, 123, 124. அந்த மூன்றையும் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். அதற்கு வேண்டிய அளவுக்கு மட்டும் முன்கதை.

முதலில் பலகை. ஷோகி என்பது ஜப்பானியச் செஸ். 9-க்கு 9 கட்டம். ஆளுக்கு 20 காய்கள். இரண்டு பக்கக் காய்களும் ஒரே நிறம். கூர்முனை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை வைத்துத்தான் யாருடையது என்று தெரியும். அதற்குக் காரணம் உண்டு. நீங்கள் வெட்டிய காய் உங்களுடையதாகிவிடும். பலகைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன மேடையில் அதை வைத்துக்கொள்ளலாம். வேண்டும்போது, ஒரு நகர்வாக, காலியான கட்டத்தில் இறக்கலாம். செஸ்ஸில் ஆட்டம் போகப் போகப் பலகை காலியாகும். ஷோகியில் காய்கள் தீர்வதே இல்லை. இன்று என்னிடம் இருக்கும் தங்கம் நாளை உன் கையில் இருந்து என் ராஜா தலைமேலேயே வந்து இறங்கும்.

தங்கம், வெள்ளி என்பவை காய்களின் பெயர்கள். இரண்டும் ஒரு கட்டம் மட்டுமே நகரும். தங்கம் முன்னால் மூன்று பக்கமும், இரண்டு பக்கவாட்டிலும், நேர் பின்னாலும் போகும். வெள்ளி முன்னால் மூன்று பக்கமும், பின்னால் இரண்டு மூலைகளிலும் போகும். செஸ்ஸில் இருப்பது போலவே ஒரு பிஷப் உண்டு. அது எதிராளியின் கடைசி மூன்று வரிசைக்குள் போனால் பதவி உயர்ந்து 'உமா' ஆகும். மூலைவாக்கில் எவ்வளவு தூரமும், நேர்த்திசைகளில் ஒரு கட்டமும் போகும் பலசாலி அது. 'உமா' என்றால் குதிரை என்று பொருள். செஸ் குதிரையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கட்டங்களுக்கு எண் சொல்லும் முறை: முதலில் ஆடுபவர் கீழே உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொண்டு, நெடுவரிசைகளை வலமிருந்து இடமாக 1 முதல் 9 வரையும், கிடைவரிசைகளை மேலிருந்து கீழாக 1 முதல் 9 வரையும் எண்ணுவார்கள். 4-2 என்றால் வலமிருந்து நான்காவது, மேலிருந்து இரண்டாவது.

சரி, மனிதர்களுக்கு வருவோம்.

நாகசே தகுயா 1992-இல் பிறந்தவர். ஷோகியின் எட்டுப் பெரும் பட்டங்களில் ஒன்றான ஓஸா 2019 முதல் அவர் கையில். 2023-இலும் காப்பாற்றியிருந்தால் தொடர்ந்து ஐந்தாவது ஆண்டு. 'கௌரவ ஓஸா' என்ற தகுதி கிடைத்திருக்கும். அதுவரை அதைப் பெற்றவர்கள் நகஹரா மகொதோவும் ஹபு யொஷிஹருவும் மட்டும்தான். ஷோகி உலகில் நாகசேக்கு 'சார்ஜென்ட்' என்று செல்லப்பெயர். அத்தனை கடுமையான பயிற்சி.

எதிரே ஃபுஜீ சோட்டா. 2002-இல் ஐச்சி மாகாணத்தின் செத்தோ நகரில் பிறந்தவர். 14 வயதில் தொழில்முறை ஆட்டக்காரர். வந்த வேகத்தில், முதல் ஆட்டத்திலிருந்தே தொடர்ந்து 29 வெற்றிகள். 2023 ஜூன் 1 அன்று மெய்ஜின் பட்டத்தையும் எடுத்தபோது, மொத்தம் உள்ள எட்டில் ஏழு அவரிடம் இருந்தன. எட்டாவது ஓஸா.

இதில் என் மனதைப் பிசையும் விஷயம் ஒன்று உண்டு. இந்த இருவரும் பல ஆண்டுகளாகத் தனியாக உட்கார்ந்து ஒருவரோடொருவர் பயிற்சி செய்தவர்கள். ஃபுஜீ சிறு பையனாகத் தொழிலுக்குள் வந்த காலத்திலேயே அவரைப் பயிற்சிக்கு அழைத்தவர் நாகசேதான். ஒருவர் கை எங்கே போகும் என்பது இன்னொருவருக்குத் தெரியும். எட்டுப் பட்டம் என்ற சரித்திரத்துக்கும் ஃபுஜீக்கும் நடுவே கடைசியாக நின்றவர், அவரைக் கூர்தீட்டிய அதே மனிதர்.

ஐந்து ஆட்டங்களில் மூன்றை வென்றால் பட்டம். முதல் ஆட்டம் நாகசேக்கு. இரண்டாவது, கோபே நகரில், 214 நகர்வுகள் நீண்டு ஃபுஜீக்கு. மூன்றாவது நகோயாவில், வெறும் 81 நகர்வுகள். அதில் நாகசே நன்றாகவே முன்னால் இருந்தார். ஃபுஜீ 2-1-இல் யானையை (ரூக்) இறக்கி செக் கொடுத்தார். குறுக்கே 3-1-இல் ஒரு சிப்பாயை வைத்து மறைத்திருந்தால் போதும். நாகசே 4-1-இல் தன் யானையைக் கொண்டு மறைத்தார். அங்கேயே ஆட்டம் சரிந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான்காம் ஆட்டத்துக்கு வந்தபோது அந்த வடு ஆறியிருக்க வாய்ப்பில்லை. இடையில் இரண்டே வாரம்.

2023 அக்டோபர் 11, கியோத்தோ. நாகசே முதலில் ஆடினார். ஆளுக்கு 5 மணி நேரம். காலையில் தொடங்கி, மதியச் சாப்பாடு, மாலைச் சாப்பாடு எல்லாம் இடைவேளை விட்டு, இரவு வரை போகும் ஒருநாள் ஆட்டம். 5 மணி நேரமும் தீர்ந்துவிட்டால் அப்புறம் ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு நிமிடம் மட்டும். இதை 'ப்யோயோமி' என்பார்கள். விநாடி வாசிப்பது என்று பொருள். பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பதிவு செய்பவர், அமைதியான அந்த அறையில், முப்பது விநாடி, நாற்பது விநாடி, ஐம்பது விநாடி என்று சொல்லி, அதற்குமேல் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தொடங்குவார். பத்து வருவதற்குள் காய் பலகையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தோல்வி. செஸ்ஸில் கடிகாரத்தைப் பார்ப்பீர்கள். இங்கே நேரம் குரலாக வந்து காதில் விழும். யோசனை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு மனிதக் குரல் அதை வெட்டிக்கொண்டு வரும்.

இரவு எட்டு மணிக்குமேல் நாகசே இந்த நிலையில்தான் இருந்தார். ஆட்டம் அவர் பக்கம். இணைய ஒளிபரப்பில் திரையின் மேல்பகுதியில் இருந்த பட்டையில் அவர் பக்க எண் 99-ஐ ஒட்டி நின்றது. ஃபுஜீயின் ராஜா 3-1-இல், பலகையின் மேல் விளிம்பில்.

122-ஆவது நகர்வு. ஃபுஜீ 5-5-க்கு வெள்ளியைக் கொண்டுவந்தார். பலகையின் நட்டநடுக் கட்டம் அது. அவருடைய ராஜாவுக்கு அருகில்கூட இல்லை. தோற்கும் நிலையில் ஒரு வல்லவர் செய்வது இதைத்தான். தற்காத்துத் தற்காத்துச் சாவதைவிட, "என் ராஜாவை மேட் செய்ய முடியும் என்றால் இப்போதே செய்து காட்டு, இல்லையென்றால் அடுத்து உன் கதை" என்று கேள்வியை எதிராளியின் மடியில் போடுவது. ஷோகியில் இதற்கு 'ஷோபுதே' என்று பெயர். எல்லாவற்றையும் பணயம் வைக்கும் நகர்வு.

இப்போது நாகசேக்கு 60 விநாடி.

ஏஐ காட்டிய சரியான பதில்: 4-2-இல் தங்கம் இறக்குவது. ராஜாவுக்குப் பக்கத்து மூலையில் செக். அதற்கு ஃபுஜீ என்ன பதில் சொன்னாலும் செக் மேல் செக்காகப் போய் மேட் இருந்தது. நேரலை பார்த்துக்கொண்டிருந்த எல்லாருக்கும் அந்த நகர்வு திரையிலேயே எழுதியிருந்தது. தெரியாதவர்கள் பலகைக்கு முன் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் மட்டும்தான்.

123-ஆவது நகர்வு. நாகசே உமாவை 5-3-இல் வைத்தார்.

இதுவும் செக்தான். 5-3, 4-2, 3-1 என்று ஒரே மூலைக்கோடு. உமா தூரத்தில் இருந்தே ராஜாவைத் தொடுகிறது. பார்த்தால் எவ்வளவு இயல்பான நகர்வு! பலசாலிக் காயைப் போர்முனைக்குக் கொண்டுவருகிறோம், காய் எதுவும் செலவாகவில்லை, செக்கும் கொடுக்கிறோம். நான் ஆடியிருந்தால் அதைத்தான் ஆடியிருப்பேன் என்று யோசிக்காமல் சொல்வேன்.

124-ஆவது நகர்வு. ஃபுஜீயின் ராஜா 3-1-இலிருந்து 2-2-க்கு ஒரு எட்டு வைத்தது. அவ்வளவுதான். அதற்குமேல் மேட் இல்லை.

ஏஐ பட்டை தலைகீழாகப் புரண்டது. நாகசேக்கு அந்தப் பட்டை தெரியாது. ஆனால் 2-2-இல் ராஜா போய் நின்றதைப் பார்த்த மாத்திரத்தில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். முடியைப் பிய்த்துக்கொள்வது போலக் கோதினார். தொழில்முறை ஷோகியில் முகத்தில் எதையும் காட்டாமல் இருப்பதே வழக்கம். அப்படிப் பழகிய ஒரு மனிதரின் உடம்பு தானாகப் பேசியது. அந்தக் காட்சியை நான் பலமுறை பார்த்துவிட்டேன். ஒருமுறையும் லேசாகப் பார்க்க முடிந்ததில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். அது ஒரு மனிதர்மேல் இறங்கும்போது எப்படி இருக்கும் என்பது அங்கே தெரிந்தது.

ஆனாலும் அவர் எழுந்துவிடவில்லை. அப்புறம் 14 நகர்வுகள் ஆடப்பட்டன. 138-ஆவது நகர்வு ஃபுஜீயுடையது (இரட்டைப்படை எண் என்றால் இரண்டாவதாக ஆடியவர்). இரவு 8.59-க்கு நாகசே தலைகுனிந்து தோல்வியை ஒப்புக்கொண்டார். ஃபுஜீக்கு அப்போது வயது 21 ஆண்டு 2 மாதம். எட்டுப் பட்டங்களும் ஒரே ஆளிடம் சேர்ந்தது அதுவே முதல்முறை.

இனி உங்கள் கேள்வியின் உண்மையான பகுதி. 99 சதவீதம் எப்படிப் போனது?

என் பதில்: அந்த எண்ணைத் தவறாகப் படிக்கிறோம். "நூறு முறை ஆடினால் நாகசே 99 முறை ஜெயிப்பார்" என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். எண் சொல்வது அதுவல்ல. ஏஐ தான் கணித்த சாதக பாதக அளவை ஒரு சூத்திரத்தால் சதவீதமாக மாற்றிக் காட்டுகிறது. இனிமேல் இரு பக்கமும் ஏஐ அளவுக்கு ஆடினால் எப்படிப் போகும் என்பதுதான் அதன் பொருள். அந்த வெற்றிக்குப் போகும் வழி தேசிய நெடுஞ்சாலையா, வாய்க்கால்மேல் போட்ட ஒற்றைப் பனைமரமா என்று அந்த எண் சொல்வதில்லை. ஐந்து நகர்வுகளில் எதை ஆடினாலும் ஜெயிக்கலாம் என்ற நிலைக்கும் 99. அந்த ஒன்றைத் தவிர எதை ஆடினாலும் போச்சு என்ற நிலைக்கும் அதே 99. மனிதருக்கு இரண்டும் வானத்துக்கும் பூமிக்கும் உள்ள தூரம். 123-ஆவது நகர்வில் இருந்தது பனைமரம்.

ஏஐ மனிதரைவிட வலிமையானது என்பதில் சந்தேகமே இல்லை. 2017-இலேயே 'போனன்ஸா' என்ற நிரல் அப்போதைய மெய்ஜின் சாத்தோ அமஹிகோவை இரண்டு ஆட்டங்களிலும் வென்றுவிட்டது. அதனால்தான் சொல்கிறேன்: அந்த வலிமை உள்ள ஒன்றின் பார்வையில் எழுதப்பட்ட எண்ணை, ஒரு நிமிடத்தில் தேடும் மனிதர்மேல் பொருத்திப் பார்க்கக் கூடாது.

சரி, ஒரு நிமிடத்தில் 4-2 தங்கம் ஏன் கண்ணில் படாமல் போகும்? ஷோகி ஆடுபவர்கள் சின்ன வயதிலிருந்து பழமொழிகளோடு வளர்கிறார்கள். நம் ஊரில் பாட்டி சொன்ன பழமொழி மாதிரி அவை கைக்குள்ளேயே இருக்கும். அதில் ஒன்று: தங்கத்தைக் கடைசி அடிக்கு வைத்துக்கொள். ராஜாவின் தலைக்குமேல் தங்கம் வைத்தால் தப்பிக்க வழி ரொம்பக் குறைவு. அதனால் அதை முதலிலேயே செலவழிக்காதே. 4-2 தங்கம் அந்த அறிவுரைக்கு நேர் எதிர். முடிப்பதற்கு வைத்திருக்க வேண்டியதைத் தொடக்கத்திலேயே, ராஜா கைக்கு எட்டும் தூரத்தில் இறக்குவது. கணக்கு எங்கேயாவது ஓரிடத்தில் தப்பினால் அந்தத் தங்கம் எதிராளியிடம் போய்விடும். எதிராளி யார்? மேட் புதிர் தீர்க்கும் தேசியப் போட்டியில் 12 வயதிலேயே பெரியவர்களையும் தொழில்முறை ஆட்டக்காரர்களையும் தாண்டி முதலிடம் வந்தவர். 2015 முதல் 2019 வரை ஐந்துமுறை தொடர்ந்து வென்றவர். அவரிடம் ஒரு தங்கத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் உன் ராஜா உயிரோடு இருக்காது. இது நாகசேயைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? எத்தனை பயிற்சி ஆட்டங்களில் அனுபவித்திருப்பார்!

வேடிக்கை என்னவென்றால், 5-3 உமாவுக்கு எதிராகவும் ஒரு பழமொழி இருக்கிறது. 'ஓதே வ ஓ தே.' ஜப்பானியில் 'ஓதே' என்றால் செக். அதையே பிரித்து 'ஓ தே' என்று சொன்னால் துரத்தும் நகர்வு. செக் கொடுப்பது என்பது ராஜாவைத் துரத்திவிடுவது என்று ஒரே ஒலியில் சிலேடையாகச் சொல்வது. காரணமில்லாமல் செக் கொடுத்தால், மாட்டிக்கொண்டிருக்கும் ராஜாவை நீயே பாதுகாப்பான இடத்துக்கு ஓட்டிவிடுவாய் என்று தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுப்பார்கள். 5-3 உமா செய்தது அட்சரம் பிசகாமல் அதுவே. ராஜா 2-2-க்கு ஓடியது.

ஆக ஒரு பழமொழி சரியான நகர்வைத் தடுத்தது, இன்னொரு பழமொழி தவறான நகர்வைத் தடுத்திருக்க வேண்டும். இரண்டில் எது இந்த இடத்துக்குப் பொருந்தும் என்பதை முடிவு செய்ய கணக்குப் போட்டே ஆக வேண்டும். கணக்குப் போடவோ 60 விநாடி. காலையிலிருந்து உட்கார்ந்த களைப்பு, இரண்டு வாரத்துக்கு முந்தைய நகோயா, கௌரவ ஓஸா, எதிரில் சரித்திரம், காதில் ஐம்பது விநாடி என்ற குரல். நாகசே பதறிவிட்டார் என்று எழுதுபவர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு. அவர் எடுத்தது பதற்றத்தில் கை நழுவிய நகர்வாக எனக்குத் தெரியவில்லை. ஆபத்து குறைவாகத் தெரிந்த செக்கைத் தேர்ந்தெடுத்தார். அந்த ஒரு கட்டத்தில் ஆபத்து குறைவானதுதான் தவறாக இருந்தது.

ஃபுஜீக்கு இது வெறும் அதிர்ஷ்டமா என்றும் சிலர் கேட்பார்கள். இல்லை. 5-5 வெள்ளிக்குப் பதிலாக அவர் அடங்கி ஒடுங்கித் தற்காத்திருந்தால் நாகசேக்கு மேட் தேடும் கட்டாயமே வந்திருக்காது. நிதானமாக, பத்திரமாக நெருக்கியே முடித்திருப்பார். தோற்ற நிலையிலும் எதிராளி முன் ஒரே ஒரு சரியான பதில் உள்ள கேள்வியை வைப்பது ஒரு திறமை. ஏஐ அதற்கு மதிப்பெண் போடாது. ஏஐக்கு எல்லாக் கேள்வியும் ஒரே சுலபம்.

அடுத்து நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். எட்டுப் பட்டங்களும் ஃபுஜீயிடம் 254 நாட்கள் இருந்தன. 2024 ஜூன் 20 அன்று எய்ஓ பட்டத்தை அவர் வயதே ஆன இத்தோ தகுமி எடுத்துக்கொண்டார். நாகசே? 2024-இல் அதே ஓஸா பட்டத்துக்குச் சவால் விடுபவராகத் திரும்பி வந்தார், அதே ஃபுஜீயிடம் 3-0 என்று தோற்றார். 2025-இல் ஓஷோ பட்டத்துக்கு வந்தார், மெய்ஜின் பட்டத்துக்கு வந்தார். இரண்டிலும் எதிரே அதே முகம், இரண்டிலும் 4-1 தோல்வி. ஒரு பட்டப் போட்டிக்குச் சவாலாளராக வருவதற்கே மற்ற எல்லா முன்னணி ஆட்டக்காரர்களையும் தாண்டி வர வேண்டும். அந்த இரவுக்குப் பிறகு அதை அவர் திரும்பத் திரும்பச் செய்தார்.

இந்த ஆட்டத்தை நீங்களே பார்க்க நினைத்தால் ஒரு யோசனை. பதிவை எடுத்து 122-இல் நிறுத்துங்கள். ஏஐ எண்ணைக் காகிதத்தால் மறையுங்கள். கைபேசியில் ஒரு நிமிடம் வைத்துக்கொண்டு நாகசே பக்கம் உட்காருங்கள். விடை உங்களுக்கு இப்போது தெரியும், அதனால் 4-2 தங்கத்தை வைத்துவிடலாம். ஃபுஜீ அந்தத் தங்கத்தை வெட்டினால் என்ன, வெட்டாமல் ஓடினால் என்ன என்று இரண்டு கிளையையும் மேட் வரைக்கும், காயைத் தொடாமல், மனதுக்குள்ளேயே நகர்த்திப் பாருங்கள். ஐம்பதாவது விநாடியில் எங்கே இருக்கிறீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.